நூற்றாண்டு மலரில் எதை எழுதலாம், எதை விடலாம்? நெகேமியா 9 படித்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்று மணல் (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். பெயர் வேண்டாம். இந்த வருஷம் எங்கள் ஆலயத்துக்கு நூறு வயது முடிகிறது, மலர் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதமாக பழைய ஞானஸ்நானப் பதிவேடு, கமிட்டி நோட்டு, பெரியவர்களின் வாய்மொழி என்று சேர்த்து எழுதி முடித்துவிட்டேன். 1853-ல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது, எங்கள் ஊருக்கு முதல் உபதேசியார் நடந்தே வந்தது, பனையோலைக் கொட்டகை, அது காற்றில் போய் மறுபடி கட்டியது, 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எங்கள் ஊரில் மணி அடித்தது, எல்லாம் இருக்கிறது.

கமிட்டியில் வாசித்தேன். சந்தோஷப்பட்டார்கள். ஆனால் இரண்டு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

முதல் பத்தி: 1980-களில் கமிட்டித் தேர்தல் சண்டையில் ஆலயத்துக்குப் பூட்டு விழுந்து நாலு வருஷம் திறக்கவில்லை. ஒரு கோஷ்டி மாமரத்தடியில் ஆராதனை, இன்னொரு கோஷ்டி ரைஸ் மில்லில். கிறிஸ்மஸுக்குக்கூடத் திறக்கவில்லை. நான் அப்போது பத்தாவது படித்தேன். மில்லில் தவிட்டுத் தூசியில் தும்மிக்கொண்டே பாட்டுப் பாடியது இன்னும் மூக்கில் இருக்கிறது.

இரண்டாவது பத்தி இதைவிடக் கஷ்டமானது. எங்கள் சபையில் ஒரு அம்மாவுக்குத் தொழுநோய் வந்தது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து முழுசாகக் குணமாகி, சான்றிதழோடு வந்தார். அப்படியும் அவரை உள்ளே விடவில்லை. சாகும்வரை தாழ்வாரத்தில்தான் உட்கார்ந்தார், கல்லறையும் சுவருக்கு வெளியே.

"நூறு வருஷத்துக்கு தேவன் செய்த நன்மைகளை எழுதச் சொன்னால் இதையெல்லாம் ஏன் கிளறுகிறாய்" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் நல்ல மனுஷர், என் சித்தப்பா முறை. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி வேதத்தில் நெகேமியா 9-ம் அதிகாரம் படித்தேன். அதிலிருந்து தூக்கம் போச்சு. அதுவும் ஒரு சபை வரலாறுதானே? சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த யூதர்கள் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, 52 நாளில் கட்டி முடித்தாகிவிட்டது, கூடாரப் பண்டிகை முடிந்தது, ஏழாம் மாதம் 24-ம் தேதி ஜனங்கள் துக்கத்துக்கு அடையாளமாக இரட்டுத் துணி உடுத்தி, தலையில் மண் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஜாமம் வேத வாசிப்பு, ஒரு ஜாமம் பாவ அறிக்கை. அப்புறம் லேவியர் எழுந்து ஆபிரகாமிலிருந்து அன்றைய நாள்வரை தங்கள் வரலாற்றைத் தேவனிடமே சொல்கிறார்கள். வானங்களையும் வானாதி வானங்களையும் நட்சத்திரங்களையும் சமுத்திரத்தையும் உண்டாக்கினவர் நீர் ஒருவரே என்று மகத்துவத்தில் ஆரம்பிக்கிறது. செங்கடல் வருகிறது, மேகஸ்தம்பம் வருகிறது, மன்னா வருகிறது, உடனே "எங்கள் பிதாக்களோ" என்று ஒரு திருப்பம். கழுத்தைக் கடினப்படுத்தினார்கள், எகிப்துக்கே திரும்பிப் போக ஒரு தலைவனை ஏற்படுத்தினார்கள், கும்பிடக் கன்றுக்குட்டி சிலை செய்தார்கள், தீர்க்கதரிசிகளைக் கொன்றார்கள். ஒன்றைக்கூட விடவில்லை. அந்த இரண்டு பத்தியை எடு என்று அந்த லேவியரிடம் யாரும் சொல்லவில்லை.

என் கேள்வி இதுதான். குறைகளை எடுத்துவிட்டால் அதில் கிருபைக்கு என்ன வேலை இருக்கும்? கிருபையைப் பற்றி மலர் போட்டுவிட்டு, எதற்குக் கிருபை என்று சொல்லாமல் விடலாமா?

காட்பாடி ஜங்ஷன் (சனி, இரவு 10.05)

அண்ணா, எழுதுங்கள். எடுக்காதீர்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். நெகேமியா 9-ல் அவர்கள் தப்பு செய்கிறார்கள், கஷ்டம் வருகிறது, கூப்பிடுகிறார்கள், அவர் விடுவிக்கிறார், இளைப்பாறினதும் மறுபடி அதே தப்பு. 28-ம் வசனத்தில் "அநேகந்தரம்" என்றே இருக்கிறது. இதைப் படிக்கும் ஒருத்தன், எப்படியும் மன்னித்துவிடுவார் என்று துணிந்துவிட மாட்டானா? என் ரூம்மேட் அப்படித்தான் பேசுகிறான், எனக்குப் பதில் வரவில்லை.

ராணிப்பேட்டைப் பெரியவர் (ஞாயிறு, காலை 6.15)

தம்பி, உங்கள் எழுத்தில் உண்மை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் மூப்பர் சொன்னதில் ஞானம் உண்டு என்று நினைக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். நோவா குடித்து வெறித்து வஸ்திரம் விலகிப் படுத்திருந்தபோது ஒரு மகன் வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரண்டு பேர் பின்னிட்டு வந்து வஸ்திரத்தைப் போட்டு மூடினார்கள். யாருக்கு ஆசீர்வாதம் கிடைத்தது? அன்பு திரளான பாவங்களை மூடும் என்று பேதுருவும் எழுதுகிறார்.

மலர் என்பது ஊர் முழுக்கப் போகும் பொருள். பேராயர் கையில் கொடுப்பீர்கள். மற்ற மதத்துச் சகோதரர்களுக்கும் கொடுப்பீர்கள், அவர்கள் நம் சபையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பாவ அறிக்கை தேவனிடம் பண்ண வேண்டியது, அச்சகத்தில் அல்ல. பூட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டிருப்பார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும்?

நீடிய சாந்தம் (ஞாயிறு, மதியம் 2.20)

ஆராதனை முடிந்து இப்போதுதான் வந்தேன். முதலில் காட்பாடித் தம்பிக்கு.

உன் ரூம்மேட் 28-ம் வசனத்தோடு நிறுத்திவிட்டார் போல. 33-ஐப் படிக்கச் சொல். எங்கள்மேல் வந்த எல்லாவற்றிலும் நீர் நீதியுள்ளவர், நீர் உண்மையாய் நடப்பித்தீர், நாங்களோ ஆகாமியம் (அக்கிரமம்) பண்ணினோம். மன்னிப்பைத் துணிச்சலாக எடுத்துக்கொள்கிறவன் வாயில் இந்த வசனம் வரவே வராது. இன்னொன்று, அந்த ஜெபம் சந்தோஷமாக முடியவில்லை. எங்கள் பிதாக்களுக்குக் கொடுத்த தேசத்திலேயே நாங்கள் அடிமைகளாக இருக்கிறோம், விளைச்சல் எல்லாம் வேற்று ராஜாக்களுக்குப் போகிறது, மகா இடுக்கத்தில் இருக்கிறோம் என்று அப்படியே முடிகிறது. பாவத்தின் பலன் இல்லாமல் போகவில்லை. கைவிடப்படவில்லை, அவ்வளவுதான்.

நியாயாதிபதிகள் 10-ம் படித்துப் பார். அங்கே தேவனே சலித்துப்போய், நீங்கள் தெரிந்துகொண்ட தேவர்களிடத்தில் போய் முறையிடுங்கள், அவர்கள் உங்களை இரட்சிக்கட்டும் என்கிறார். அவர்கள் விக்கிரகங்களை அகற்றின பிறகுதான் இஸ்ரவேலின் வருத்தத்துக்காக அவர் மனம் உருகுகிறது. மனம் உருகுகிற தேவன் கோபமே இல்லாதவர் என்று அர்த்தமில்லை.

இந்தக் கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். நம் வேதத்தில் "நீடிய சாந்தம்" என்று வருகிற இடத்தில் எபிரெயத்தில் உள்ளதை அப்படியே சொன்னால் "மூக்கு நீளமானவர்" என்று வரும். கோபம் வந்தால் மூக்கு விடைக்கும், மூச்சு சூடாகும். மூக்கு நீளமாக இருந்தால் கோபம் நுனிக்கு வந்து சேர நேரமாகும். நாம் என்ன சொல்கிறோம்? "அவனுக்கு மூக்கு மேல கோபம்." செமினரியில் இதை முதன்முதலாகக் கேட்டபோது வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது. அவருக்கு மூக்கு நுனியிலேயே கோபம் இருக்கும். அப்படி வளர்ந்தவளுக்கு "நீளமான மூக்குள்ள தகப்பன்" என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வார்த்தை முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். யாத்திராகமம் 34. "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." கன்றுக்குட்டி செய்தது 32-ம் அதிகாரம். மோசே உடைத்த பலகைக்குப் பதில் புதுப் பலகை செதுக்கிக்கொண்டு மலையேறிய அன்றைக்குத்தான் அவர் தம்முடைய நாமத்தை இப்படிச் சொல்கிறார். அதற்குப் பிறகு வேதம் முழுக்க அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணாகமம் 14, சங்கீதம் 86, 103, 145, யோவேல் 2. யோனா மட்டும் அதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறான், நீர் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று. நெகேமியா 9:17-லும் அதே வரி, அதற்கு அடுத்த வசனமே கன்றுக்குட்டி. அவர்கள் கன்றுக்குட்டியை மறைத்திருந்தால் அந்த நாமத்தின் அர்த்தம் பாதி போயிருக்கும்.

பெரியவர் ஐயா, உங்களை மதிக்கிறேன். ஆனால் மத்தேயு முதல் அதிகாரத்தில் வம்ச அட்டவணையைப் பாருங்கள். தாவீது சாலொமோனைப் பெற்றான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியாவின் பெயரை இழுத்து எழுதியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆறிய புண் அது. பேதுரு மறுதலித்தது நாலு சுவிசேஷத்திலும் இருக்கிறது. பேதுருவே அதை மறைக்கச் சொல்லவில்லை.

ராணிப்பேட்டைப் பெரியவர் (ஞாயிறு, மாலை 4.50)

சகோதரி நன்றாகச் சொன்னீர்கள். அது பரிசுத்த ஆவியானவர் எழுதுவித்த வேதம், நம்முடையது கமிட்டி அச்சடிக்கும் மலர். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செருப்புத் தையல் (ஞாயிறு, இரவு 8.30)

எனக்கு உங்கள் அளவுக்கு வேதம் தெரியாது. கை வேலைக்காரன். இருபத்தாறு வருஷமாகத் தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரைப் புண் உள்ளவர்களுக்கும் செருப்பு செய்கிறேன். நெகேமியா 9-ல் 21-ம் வசனம் என் வசனம் என்றே வைத்திருக்கிறேன். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தார்கள், வஸ்திரம் பழசாகவில்லை, கால் வீங்கவில்லை.

கால் வீங்கவில்லை என்பதை ஒரு அளவுக்கு மேல் யாரும் கவனிப்பதில்லை. நான் தினமும் காலைத்தான் பார்க்கிறேன். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போய்விடுகிறது, அதனால் முள் குத்தினால் தெரியாது, சூடு பட்டால் தெரியாது, அதே காலோடு நடக்கிறார்கள், புண் எலும்புவரை போகிறது. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் வந்து, கையும் காலும் கெடுவதற்குக் காரணம் இந்த வலி இல்லாமைதான் என்று காட்டினவர். அவர் காலத்திலிருந்தே செருப்பு என்பது வைத்தியத்தில் ஒரு பாகம். கரிகிரி ஆஸ்பத்திரி 1955-ல் வந்தது.

எம்.சி.ஆர். என்று ஒரு மெத்தை ரப்பர், அதில்தான் உள்தட்டு வெட்டுவோம். காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து, புண் ஆறின தழும்பு எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தம் விழாதபடி வெட்ட வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது. பசை, தையல் மட்டும்தான். ஏன் என்றால் ஆணி மேலே கிளம்பினால் நமக்குச் சுருக்கென்று தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ரத்தம் பார்த்துத்தான் தெரியும். அதனால் தினமும் ராத்திரி காலைத் தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். வலி சொல்லாததைக் கண் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐயா "ஆறிய புண்" என்று எழுதினதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள். ஆறிய புண்ணும் உண்டு, மரத்துப்போன புண்ணும் உண்டு. இரண்டிலும் வலி இருக்காது. எங்கள் வேலையில் இரண்டையும் ஒன்று என்று நினைத்தவர்கள் கால் போய்விட்டது.

காட்பாடி ஜங்ஷன் (ஞாயிறு, இரவு 8.42)

இதை ரூம்மேட்டுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வெண்பூ (ஞாயிறு, இரவு 11.15)

இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது.

என் பாட்டியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்தான். பாலாற்று மணல் அண்ணா ஊர் இல்லை, வேறு ஊர். ஆம்பூருக்கு இந்தப் பக்கம். கூட்டு மருந்து வந்த பிறகு பாட்டிக்குக் கிடைத்தது, டாப்சோன், ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின் மூன்றும். நான் நர்ஸ், அதனால் சொல்கிறேன், மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அது யாருக்கும் ஒட்டாது. பாட்டிக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்தது. அது பழைய சேதம், நோய் இல்லை. அந்த இரண்டு விரலுக்காகப் பதினெட்டு வருஷம் வெளியே.

தாழ்வாரத்தில் ஒரு தூண் இருக்கும். பாட்டி அதில் சாய்ந்து உட்காருவார். உள்ளே ஐயர் (எங்கள் போதகர்) பேசுவது பாதிதான் கேட்கும், ஆனால் பாட்டு கேட்கும். பாட்டிக்கு எல்லாப் பாட்டும் தெரியும், பிரசங்கம் ஒன்றுகூடத் தெரியாது. சின்ன வயதில் நான் உள்ளே அம்மாவோடு உட்கார்ந்துவிட்டு, பாதியில் தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே ஓடி வந்து பாட்டி மடியில் உட்காருவேன். அந்தச் சேலையில் வேப்பெண்ணெய் வாசனை வரும்.

பாட்டி ஒரு நாளும் சபையைத் திட்டவில்லை. ஆனால் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். 2 இராஜாக்கள் 7. சமாரியா முற்றுகையில் பஞ்சம், ஒலிமுகவாசலுக்கு, அதாவது பட்டணத்து வாசலுக்கு, வெளியே நாலு குஷ்டரோகிகள். சீரியர் பாளயம் காலியாகக் கிடப்பதை முதலில் பார்த்தது அவர்கள்தான். சாப்பிட்டார்கள், குடித்தார்கள், அப்புறம், நாம் செய்கிறது நியாயமல்ல, இது நற்செய்தி அறிவிக்கும் நாள், நாம் மவுனமாயிருக்கக் கூடாது என்று சொல்லி, தங்களை வெளியே வைத்த அதே ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். "வெளியே இருக்கிறவங்களுக்குத்தான் கண்ணு, மொதல்ல தெரியும்" என்பார் பாட்டி.

பெரியவர் ஐயா, நோவாவைப் பற்றி எழுதினீர்கள். அங்கே மூடப்பட்டது நிர்வாணமாகக் கிடந்த ஆள். எங்கள் கதையில் வெளியே கிடந்தது பாட்டி. அவர்மேல் ஒருத்தரும் வஸ்திரம் போடவில்லை. இப்போது மூடுகிற துணி யார்மேல் விழுகிறது என்று நீங்களே பாருங்கள் ஐயா. கோபத்தில் சொல்லவில்லை.

பாலாற்று மணல் அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுவதாக முடிவு செய்தால், "நாம் பாவம் செய்தோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மேடையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நாம் எல்லோரும் பாவிகள், நாம் எல்லோரும் தவறினோம் என்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த "நாம்"-க்குள் பாட்டியும் வந்துவிடுகிறார். பாட்டியை வெளியே உட்கார வைத்தது பாட்டி இல்லை. நெகேமியா 9-ல் "நாங்களோ" என்றுதான் இருக்கிறது. தேவனைப் பார்த்துச் சொல்வதால் அங்கே அப்படி வருகிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் நம் தமிழில் அந்த இரண்டு வார்த்தை தனித்தனியாக இருப்பதற்கு நான் நன்றி சொல்கிறேன். "நாங்கள் அந்த அம்மாவை வெளியே வைத்தோம்" என்று எழுதுங்கள்.

நீடிய சாந்தம் (திங்கள், காலை 5.50)

வெண்பூ, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தடவை பிரசங்கம் செய்திருக்கிறேன், இந்த "நாம்" எனக்குத் தோன்றவே இல்லை. புலம்பல் 3:22 உடனே எடுத்துப் பார்த்தேன். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." அங்கே "நாம்."

பாலாற்று மணல் (திங்கள், காலை 7.30)

வெண்பூம்மா, நன்றி என்று சொன்னால் போதாது. எங்கள் ஊர் அம்மாவுக்கும் ஒரு தூண் இருந்தது. வடக்குப் பக்கம் இரண்டாவது. சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தத் தூணில் முதுகு பட்ட இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும், சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. நான் சின்னப் பையனாக மட்டை பிடித்து வெள்ளை அடித்திருக்கிறேன், அடுத்த வருஷமும் அந்த இடம் மட்டும் உரிந்திருக்கும். ஏன் என்று கேட்டதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நெகேமியா 9-க்கு அடுத்த அதிகாரத்தில் 84 பேர் உடன்படிக்கையில் முத்திரை போடுகிறார்கள். அந்நியரோடு சம்பந்தம் கலக்க மாட்டோம், ஓய்வுநாளில் வியாபாரம் செய்ய மாட்டோம், தேவனுடைய ஆலயத்தைக் கைவிட மாட்டோம் என்று. 13-ம் அதிகாரத்துக்கு வந்தால் மூன்றும் போய்விட்டது. லேவியருக்குச் சேர வேண்டியது வராமல் அவர்கள் வயலுக்குப் போய்விட்டார்கள், ஓய்வுநாளில் திராட்ச ஆலை மிதிக்கிறார்கள், சம்பந்தமும் கலந்தாயிற்று. அவ்வளவு அழுது, அவ்வளவு அறிக்கை செய்து, கையெழுத்தும் போட்டுவிட்டு. நான் இதை முதலில் படித்தபோது மனசு உடைந்துபோனேன். எங்கள் ஊரிலும் பூட்டுத் திறந்த அன்று இரண்டு கோஷ்டியும் கட்டிப்பிடித்து அழுதார்கள், இனி இப்படி நடக்காது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. எட்டு வருஷத்தில் மறுபடி சண்டை.

ஆனாலும் அந்த ஆலயத்தில் இன்றைக்கும் மணி அடிக்கிறது. பாலாற்றில் வெள்ளம் 2021 நவம்பரில் வந்தபோது, ஊரில் பாதி பேர் அங்கேதான் தங்கினார்கள், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்காமல். நாங்கள் அதற்குத் தகுதியாக இருந்தோம் என்று சொல்ல என்னால் முடியாது.

சின்ன வயதில் வெயில் காலத்தில் ஆற்றில் ஊற்று தோண்டுவோம். மேலே பார்த்தால் மணல் காய்ந்து கால் சுடும், ஆறு செத்துவிட்டது என்றே தோன்றும். முழங்கை ஆழம் கையால் பறித்தால் ஈரம் வரும். கொட்டாங்குச்சியால் முதல் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்ற வேண்டும், அது கலங்கல். இரண்டாவதும் கலங்கல். அவசரப்படாமல் இறைத்துக்கொண்டே இருந்தால் கீழேயிருந்து தெளிவாகச் சுரக்கும். அம்மா குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அந்தக் கலங்கலை இறைக்காமல் மேலேயே விட்டுவிட்டால் தெளிந்த தண்ணீர் வராது என்று அம்மாவுக்குத் தெரியும். சித்தப்பாவிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். அவரும் அதே ஆற்றில் ஊற்று தோண்டியவர்தான்.

ராணிப்பேட்டைப் பெரியவர் (திங்கள், இரவு 11.50)

இன்று முழுக்க எழுதி அழித்து, எழுதி அழித்து, இப்போது அனுப்புகிறேன்.

எங்கள் சபையிலும் தாழ்வாரம் இருந்தது. அதில் ஒரு அம்மாள் உட்கார்ந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, திருவிருந்தின்போது ஐயருக்கு உதவிக்கு நிற்பேன். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு அந்த அம்மாளுக்கு வெளியே கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. பொதுக் கிண்ணத்தில் இல்லை. தனி எவர்சில்வர் டம்ளர். மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று அதன் அடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்திருந்தோம். வைத்தது நான்தான். சைக்கிள் கடையிலிருந்து கொஞ்சம் பெயிண்ட் வாங்கி வந்து வைத்தேன்.

அந்த அம்மாள் டம்ளரை வாங்கும்போது என் விரல் படாதபடி கீழ்ப் பக்கமாகப் பிடிப்பார். எனக்காக. நான் பயப்படுகிறேன் என்று அவருக்குத் தெரியும். "உனக்குக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் இரத்தம்" என்று நான் சொல்லிக் கொடுப்பேன். ஆண்டவர் குஷ்டரோகியைக் கை நீட்டித் தொட்டார் என்று மாற்கு முதல் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

நேற்று நோவாவின் கதையை எழுதினபோது நான் யாரை மூடப் பார்த்தேன் என்று வெண்பூ மகளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இன்றுதான் தெரிந்தது. செருப்பு தைக்கும் தம்பி சொன்னதும் சரி. ஐம்பது வருஷம் எனக்கு அதில் வலியே இல்லை.

செருப்புத் தையல் (செவ்வாய், காலை 6.05)

ஐயா, உங்களுக்காக ஜெபித்தேன். இன்று முதல் வேலை ஒரு அம்மாவின் இடது கால் செருப்பு. கவனமாகச் செய்கிறேன்.

வெண்பூ (செவ்வாய், காலை 6.40)

தாத்தா, என் பாட்டியும் டம்ளரைக் கீழ்ப்பக்கமாகத்தான் பிடிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும். அது உங்கள்மேல் கோபத்தில் இல்லை தாத்தா. பாட்டி இருந்திருந்தால் உங்களுக்கு டீ போட்டுக் கொடுத்திருப்பார்.

காட்பாடி ஜங்ஷன் (வியாழன், இரவு 9.10)

அண்ணா, கமிட்டி என்ன ஆச்சு?

பாலாற்று மணல் (வியாழன், இரவு 10.30)

நேற்று ராத்திரி கூடினோம். நான் ஒன்றும் பேசவில்லை. நெகேமியா 9 முழுவதையும் வாசிக்க மட்டும் அனுமதி கேட்டேன். ஆளுக்கு நாலு வசனம் என்று சுற்றி வந்தது. "எங்கள் பிதாக்களோ" என்ற இடம் சித்தப்பாவுக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். ஒன்பது பேரில் ஐந்து பேர் இருக்கட்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டார். அவர் வீட்டுக்கு நாளைக்குப் போகிறேன்.

அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"இந்த ஆலயத்தின் தாழ்வாரத்தில், வடக்குப் பக்கம் இரண்டாவது தூணின் அருகில், நம் சபையின் ஒரு தாயார் பல வருஷங்கள் உட்கார்ந்து தேவனை ஆராதித்தார். அவர் குணமாகியிருந்தார். நாங்கள் அவரை உள்ளே அழைக்கவில்லை. அவர் இறந்தபோதும் சுவருக்கு வெளியே அடக்கம் செய்தோம். அவர் எங்களைவிட உண்மையாக ஞாயிறுதோறும் வந்தார். எங்களை தேவன் அன்றே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அந்தத் தாயாரும் நாங்களும் ஆகிய நாம் எல்லோரும் இன்றுவரை நிற்பது அவருடைய கிருபை."

வெண்பூம்மா, பார்த்துச் சொல். நாளைக்கு மாலை அச்சகத்துக்குப் போகிறது.

வெண்பூ (வியாழன், இரவு 11.05)

அண்ணா, "உள்ளே அழைக்கவில்லை" என்பது அவர் அழைப்புக்காகக் காத்திருந்த விருந்தாளி மாதிரி இருக்கிறது. அவருக்கு உரிமையுள்ள இடம் அது. "உள்ளே விடவில்லை" என்று போடுங்கள். மற்றபடி ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

பாலாற்று மணல் (வியாழன், இரவு 11.08)

மாற்றிவிட்டேன்.

ராணிப்பேட்டைப் பெரியவர் (வெள்ளி, காலை 5.30)

தம்பி, மலர் அச்சானதும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும், பணம் அனுப்பிவிடுகிறேன். நான் சொன்ன அந்த அம்மாளின் மகன் ஆற்காட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறான் என்று நேற்றுத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு ஒன்று. தபாலில் வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.